பொது கோர்ட்டில் பிக்கிள்பால்: புதிதாக வருகிறவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரையோரம் ஒரு சின்னப் பேரூராட்சி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் பேரூராட்சியின் சிமெண்ட் தளம் ஒன்று இருக்கிறது. ஷட்டில் ஆடப் போட்டது. திறந்த வெளி என்பதால் கொஞ்சம் காற்று வந்தாலும் ஷட்டில் பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும். ஆடி மாதம் கேட்கவே வேண்டாம். அதனால் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த நண்பரின் மகள் நாலு பிக்கிள்பால் பேட்டும் ஆறு பந்தும் கொண்டுவந்தாள். ஓட்டைப் பிளாஸ்டிக் பந்தைக் கெட்டியான மட்டையால் நெட்டுக்கு மேலே அடித்து ஆடுகிற ஆட்டம் அது. அளந்து பார்த்தால் ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டும் இதுவும் ஒரே அளவு, 44 அடிக்கு 20 அடி. நெட்டை 3 அடிக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர் வெல்டிங் பட்டறையில் சொல்லி இரண்டு கம்பத்திலும் 3 அடி உயரத்தில் ஒரு கொக்கி வைத்தோம். மேல் கொக்கியில் மாட்டினால் ஷட்டில், கீழ்க் கொக்கியில் மாட்டினால் பிக்கிள்பால். இப்போது காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடுகிறோம். எனக்கு வயது 52. சர்க்கரைக்காக நடக்கச் சொன்னபோது நடக்காதவன், இப்போது அலாரம் இல்லாமல் எழுந்திருக்கிறேன்.

இதுவரை நல்ல செய்தி. இனி கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற அக்கா தினமும் ஆறேகால் வாக்கில் எக்ஸெல் வண்டியில் கேனோடு அந்த வழியாகப் போவார். நாலு நாள் வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் கம்பி ஓரம் வந்து, "இத நான் ஆடலாமா, இல்ல காசு கட்டணுமா?" என்று கேட்டார். எங்களில் ஒருவர், "இல்லக்கா, இது மெம்பருங்க ஆடுறது" என்றார். மெம்பர் என்று எங்களில் யாருமே கிடையாது! அது ஊர்ப் பணத்தில் போட்ட தளம். அந்த அக்கா "சரி தம்பி" என்று வண்டியை எடுத்துவிட்டார். நான் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அந்தக் காலை என் மனதைவிட்டுப் போகவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர், "கம்பி வேலிக்குக் கதவு வைத்துப் பூட்டுவோம், மாதம் 500 ரூபாய் சந்தா, இருபது பேரோடு நிறுத்திக்கொள்வோம்" என்று போட்டார். பாதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். நான் எதிர்க்கிறேன். ஆனால் "பூட்டாமல் எப்படி நடத்துவாய்?" என்று கேட்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை. இங்கே அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மன்னை_பூப்பந்து

தம்பி, நான் ஐம்பது வருடமாகப் பூப்பந்து ஆடுகிறவன். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர் மண்ணில் பிறந்த ஆட்டம் பூப்பந்து. 1856-லேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்வார்கள். மஞ்சள் கம்பளிப் பந்து, 24 மீட்டருக்கு 12 மீட்டர் தரை, பக்கத்துக்கு ஐந்து பேர். நான் பையனாக இருந்தபோது ஊருக்கு ஊர் தரை இருந்தது. திருவிழா என்றால் இரவு டியூப்லைட் கட்டி டோர்னமெண்ட் நடக்கும். நாங்கள் ஆடிக்கொண்டிருந்த தரையை இரண்டு வருடம் முன்னால் ஒரு தனியார் எடுத்துப் பச்சைப் பாய் விரித்து, மணிக்கு இவ்வளவு என்று பிக்கிள்பாலுக்கு வாடகை விடுகிறார். எங்கள் கம்பத்தைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அதனால், வந்த ஆட்டத்தை வரவேற்பதற்கு முன்னால், இருந்த ஆட்டத்தை யாரெல்லாம் ஆடினார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் தளத்தில் ஷட்டில் ஆடிய பையன்களைக் கேட்டீர்களா?

குடமுருட்டிக்கரை

கேட்கவில்லை ஐயா. "சும்மா கிடந்தது" என்று நானாக எழுதிவிட்டேன். நீங்கள் சொன்ன பிறகு விசாரித்ததில், கல்லூரி விடுமுறை நாட்களில் ஐந்தாறு பையன்கள் சாயங்காலம் காற்று அடங்கியதும் ஷட்டில் ஆடுவது தெரிந்தது. கீழ்க் கொக்கியிலேயே நெட்டை விட்டுவிட்டு நாங்கள் போய்விடுவதால் தினம் அவர்கள் அவிழ்த்து மாட்டியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இனிமேல் ஆட்டம் முடிந்ததும் மேல் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

வலங்கைமான்_டு_ஆஸ்டின்

நான் வலங்கைமான்காரன், பதினோரு வருடமாக டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே பூங்காக்களில் பொது கோர்ட்டில்தான் ஆடுகிறேன். பூட்டு கிடையாது. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

ரேஷன் கடையில் நாம் பையை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவோமே, அதேதான். கம்பியில் பேட் சொருக வரிசையாக இடம் இருக்கும். வந்ததும் உங்கள் பேட்டை வரிசையின் கடைசியில் சொருகிவிட வேண்டும். ஒரு ஆட்டம் முடிந்ததும் முதல் நாலு பேட் யாருடையதோ அவர்கள் உள்ளே. கலெக்டராக இருந்தாலும் கடைசியில்தான் சொருக வேண்டும். 11 புள்ளி ஆட்டம் என்பதால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், யாரும் ரொம்ப நேரம் காத்திருக்க மாட்டார்கள்.

காத்திருப்பவர் குறைவு என்றால் ஜெயித்த இருவர் நின்றுகொண்டு ஆளுக்கொரு பக்கம் பிரிந்துகொள்வார்கள். கூட்டம் இருந்தால் நாலு பேரும் வெளியே வந்துவிட வேண்டும். "ஜெயித்தவன் இறங்க மாட்டான்" என்று வைத்தால் நன்றாக ஆடுகிற நாலு பேர்தான் காலை முழுக்க ஆடுவார்கள். புதியவர் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வரமாட்டார்.

ரேஷன் கடைத் திருட்டுத்தனம் இங்கேயும் உண்டு. நாலு நண்பர்கள் சேர்ந்தே பேட்டை அடுத்தடுத்துச் சொருகி எப்போதும் தங்களுக்குள்ளேயே ஆடுவார்கள். அதை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

இங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நினைக்க வேண்டாம். டென்னிஸ்காரர்களோடு கோடு போடுவதில் சண்டை, பக்கத்து வீட்டுக்காரர்களோடு சத்தத்துக்காக வழக்கு, இதெல்லாம் நிறைய ஊர்களில் நடந்திருக்கிறது.

பெயரைப் பற்றி ஒன்று. ஊறுகாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என் பெண்ணே கேட்டாள். 1965 கோடையில் சியாட்டில் பக்கம் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்டும் பில் பெல்லும் பிள்ளைகளின் சலிப்பைப் போக்க ஆரம்பித்த ஆட்டம் இது. வீட்டில் பழைய ஷட்டில் கோர்ட் இருந்தது, சாமான் சரியாக இல்லை. டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டைப் பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் நெட் ஷட்டில் உயரத்தில்தான் இருந்தது, அப்புறம் 3 அடிக்கு இறக்கினார்கள். உங்கள் வெல்டிங் பட்டறைக்காரர் செய்த அதே வேலை! ஜோயலின் மனைவி ஜோன் வைத்த பெயர் பிக்கிள்பால். படகுப் போட்டியில் மற்ற அணிகளில் மிஞ்சிப்போனவர்களைச் சேர்த்து விடுகிற படகுக்குப் 'பிக்கிள் போட்' என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பது அவர் சொன்ன காரணம். அங்கங்கே மிஞ்சியவர்களுக்கான ஆட்டம். அதற்குப் பூட்டுப் போடுவதாவது.

கொள்ளிடக்கரை_வாணி

பால் அக்கா விஷயத்தைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. நான் அந்தக் கம்பிக்கு வெளியே நின்றவள்.

எங்கள் ஊரில் நான் ஆட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. முதல் நாள் எனக்குத் தேவையாக இருந்தது சொல்லிக்கொடுக்கும் ஆள்கூட இல்லை. "வாங்க, இந்த பேட்டைப் பிடிங்க" என்று ஒருவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்கள் நினைப்பது "ஆசை இருந்தால் அவங்களே கேட்பாங்க" என்று. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் விளையாட்டு மைதானத்தில் நின்று, நானும் ஆடுகிறேன் என்று கேட்பதற்கு எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் தெரியுமா? அந்த அக்கா நாலு நாள் வண்டியை நிறுத்தினார் என்றால் அந்த நாலு நாளும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

இன்னும் சில விஷயம். சுடிதாரோ புடவையோ, எதில் வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்று நடுகிறவர்களுக்கு இந்த ஆட்டம் பெரிதில்லை. ஷூ இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். வழுக்காத பழைய கேன்வாஸ் நாலு ஜோடி வெவ்வேறு அளவில் ஒரு சாக்கில் வைத்திருங்கள், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பெண்கள் எதிரில் நின்றால் வேண்டுமென்றே மெதுவாகப் போடுகிற ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேண்டுமென்றே அடித்து நொறுக்குகிறவர்களிடமும் சொல்லுங்கள். கழிவறை பக்கத்தில் எங்கே திறந்திருக்கும் என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். பாதிப் பெண்கள் இதனால்தான் வருவதில்லை.

அப்புறம், எழுதவா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். புதிதாக வருகிறவரிடம் "எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள். டெல்டாவில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கோர்ட்டில் ஒரு பெரியவர் வழக்கமாகக் கேட்பார், அன்பாகத்தான் கேட்பார். இரண்டு பையன்கள் அதற்குப் பிறகு வரவில்லை. இப்போது எங்களிடம் ஒரே வழக்கம்தான், பெயரைக் கேள், பேட்டைக் கொடு.

குடமுருட்டிக்கரை

வாணி, நீங்கள் சொன்ன அந்தக் கேள்வியை நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பேச்சைத் தொடங்க வேறு வார்த்தை தெரியாமல் கேட்டதாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன். இனிக் கேட்க மாட்டேன்.

பேட் ஒன்று இரண்டாயிரம், மூன்றாயிரம் சொல்கிறார்கள். இரவல் கொடுக்க எங்களிடம் கூடுதல் பேட் இல்லை. அதற்கு என்ன வழி?

பி_இ_டி_வாத்தியார்

அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியன். தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அலைகிறவன்.

பேட்டுக்குத் தச்சரிடம் போங்கள். விதிப்படி நீளம் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளமும் அகலமும் கூட்டினால் 24-ஐத் தாண்டக் கூடாது. நான் 16-க்கு 8 என்று அட்டையில் வெட்டிக் கொடுத்தேன். நல்ல ஒட்டுப்பலகையில் ஒரு பலகைக்கு எத்தனை வருமோ அத்தனை அறுத்துக் கொடுத்தார். ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டேன். கடைப் பேட்டைவிடக் கொஞ்சம் கனம், கை சீக்கிரம் வலிக்கும். ஆனால் பழக இது போதும். ஆரம்பத்தில் எல்லோருமே மரப் பலகையில்தான் ஆடினார்கள்.

கோடு விஷயம். ஷட்டிலின் முன் செர்வீஸ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடி. பிக்கிள்பாலில் 'கிச்சன்' கோடு 7 அடி. அரை அடிதான் வித்தியாசம். ஷட்டில் கோட்டையே வைத்து ஆடினால் ஒன்றும் குடி முழுகாது, ஆனால் பிள்ளைகள் நாளைக்குப் போட்டிக்குப் போனால் காலை உள்ளே வைத்துவிடுவார்கள். வேறு நிறத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்த ஏழு அடிக்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் அதை 'அடுப்படி' என்றே சொல்கிறார்கள், "சார், அவன் அடுப்படிக்குள்ள வந்து அடிச்சிட்டான்" என்று.

புதியவருக்குப் பத்து நிமிடம் இப்படிச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு பக்கமும் அடுப்படிக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, பந்தை மெதுவாக நெட்டுக்கு மேலே தள்ளித் தள்ளி விளையாட விடுங்கள். செர்வீஸ், ஸ்கோர் எதையும் பேசாதீர்கள். கை பழகியதும், செர்வீஸ் இடுப்புக்குக் கீழே, குறுக்காக. எதிராளி அதைத் தரையில் ஒரு முறை பட்டபின்தான் எடுக்க வேண்டும், திரும்பி வருவதை நாமும் ஒரு முறை படவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவரவர் சாமர்த்தியம். '0-0-2' என்று மூன்று எண் (நம் புள்ளி, எதிராளி புள்ளி, செர்வீஸ் போடுகிறவர் முதலாமவரா இரண்டாமவரா) சொல்லி ஆரம்பிக்கிற ஸ்கோர்தான் பலரை விரட்டுகிறது. முதல் வாரம் யார் பந்தை வென்றாலும் ஒரு புள்ளி என்று எண்ணுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். தலைக்கு மேல் பந்து போனால் நெட்டைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடக் கூடாது. திரும்பி ஓட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் சிமெண்டில் மல்லாந்து விழுந்தால் மணிக்கட்டோ இடுப்போ போய்விடும். என்னோடு ஆடிய ஒருவர் மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார்.

வெண்ணாறு_விவசாயி

உங்கள் தளத்தில் நெல் காயப்போடுவார்களா? எங்கள் ஊரில் இருக்கிற சிமெண்ட் இடமெல்லாம் புரட்டாசியில் குறுவைக்கும் தை மாசியில் சம்பா தாளடிக்கும் களம்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தளர்வு கொடுப்பதெல்லாம் சில வருடம்தான். அறுத்த நெல் மழையில் நனைந்தால் எங்கே காயவைப்பது? போன வருடம் எங்கள் ஊரில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் நெல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடி, பெரிய தகராறு.

அந்த மூன்று நாலு வாரம் தளம் நெல்லுக்கு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நெல் எடுத்தபின் நன்றாகக் கூட்டிவிட்டு ஆடுங்கள். சிமெண்டில் பத்து நெல்மணி கிடந்தால் போதும், கால் வழுக்கி விடும். கோட்டுக்கு டேப் ஒட்டாதீர்கள், நெல்லைத் தள்ளுகிற பலகையில் உரிந்து வந்துவிடும். பெயிண்ட்தான்.

ஒன்று சொல்லட்டுமா? பூட்டுப் போட்டால் முதலில் சண்டைக்கு வருவது நாங்களாகத்தான் இருக்கும்.

கும்பகோணம்_மாடிவீடு

எல்லோரும் ஆடுகிறவர்கள் பக்கமே பேசுகிறீர்கள். நான் கோர்ட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். மருத்துவமனையில் இரவு ட்யூட்டி முடிந்து ஐந்து மணிக்குத்தான் படுப்பேன். ஐந்தரைக்கு டொக், டொக், டொக் என்று ஆரம்பிக்கும். ஷட்டில் சத்தம் மாதிரி இல்லை, கெட்டியான பந்து கெட்டியான பேட்டில் படுகிற சத்தம், ஜன்னலைச் சாத்தினாலும் தலைக்குள் வருகிறது. ஆடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஒரு முறை போய்ச் சொன்னதும் ஒரு வாரம் ஆறரைக்கு வந்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். வரவேற்பது என்று பேசும்போது கோர்ட்டைச் சுற்றிக் குடியிருப்பவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டிக்கரை

நல்லவேளை சொன்னீர்கள். எங்கள் தளத்துக்குக் கிழக்கே மூன்று வீடு இருக்கிறது. நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

வலங்கைமான்_டு_ஆஸ்டின்

நுரைப் பந்து என்று ஒன்று கிடைக்கிறது, சத்தம் ரொம்பக் குறைவு. எழும்புவது கொஞ்சம் மாறும். விடியற்காலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

குடமுருட்டிக்கரை (மூன்று வாரம் கழித்து)

நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று வீட்டுக்கும் போனேன். இரண்டு வீட்டில் பரவாயில்லை என்றார்கள். மூன்றாவது வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். அவர் மகன் "ஆறரைக்கு மேல வெச்சுக்குங்க" என்றார். ஆறரை என்று முடிவு செய்துவிட்டோம். வெயில் ஏறிவிடும் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எட்டு மணியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பூட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்கார்ந்து பேசினோம். வாட்ஸாப்பில் கட்டைவிரல் தூக்கியவர்களில் பலர் நேரில் தூக்கவில்லை. சந்தா வேண்டாம், கம்பியில் ஒரு உண்டியல் டப்பா தொங்கும், முடிந்தவர்கள் போடலாம் என்று முடிந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு தஞ்சாவூரில் வாடகை கோர்ட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தால் அவர் பேட்டுக்கும் வரிசையில் இடம் உண்டு. பேரூராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறோம், யாருக்கும் தனி உரிமை கேட்காமல், கோடு போடவும் விளக்கு ஒன்று மாட்டவும் மட்டும். பதில் வரவில்லை.

தச்சர் ஆறு பேட் அறுத்துக் கொடுத்தார். பழைய மரக்கதவின் கம்பித் தடுப்பு ஒன்றை வேலியில் கட்டி, அதில்தான் வரிசை. கடைசி இடத்தில் எப்போதும் ஒரு மரப் பேட் சும்மா சொருகியிருக்கும். வருகிறவர் யாராக இருந்தாலும் அது அவருடையது, நாங்கள் தொட மாட்டோம். வாணி சொன்னபடி சாக்கில் கேன்வாஸும் இருக்கிறது.

பால் அக்காவிடம் நானே போனேன். வீட்டு வாசலில் பால் ஊற்றும்போது, "அக்கா, அன்னைக்குச் சொன்னது தப்பு. அது எல்லாருக்கும் உள்ள இடம். வாங்க" என்றேன். அவர் படியைக் கேனில் போட்டு மூடிவிட்டு, "அதெல்லாம் சும்மா கேட்டேன் தம்பி" என்றார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எட்டாம் நாள் பால் ஊற்றி முடித்து, ஏழேகாலுக்கு எக்ஸெலை நிறுத்திவிட்டு வந்து அந்த மரப் பேட்டை உருவினார். வாத்தியார் சொன்னபடி அடுப்படிக் கோட்டில் நிற்கவைத்துத் தள்ளித் தள்ளி ஆடினோம். பத்து நிமிடம் என்று நினைத்தேன், மூன்றாவது நிமிடமே பந்தை என் காலுக்குக் கீழே போட்டார். "மெம்பருங்க ஆடுறது" என்று சொன்னாரே, அவர்தான் அன்று அக்காவுக்கு ஜோடி. ஆட்டம் முடிந்ததும் அவர் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஷட்டில் பையன்களுக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. அதில் இரண்டு பேர் காலையிலும் வருகிறார்கள். இப்போதைக்கு நாங்களே போட்டுக்கொண்ட கோட்டுக்கு அவர்கள்தான் நூல் பிடித்தார்கள்.

மன்னை ஐயாவுக்கு ஒன்று. தளத்துக்குத் தெற்கே பேரூராட்சி மண் தரை சும்மா இருக்கிறது. அளந்தேன், 24-க்கு 12 மீட்டர் தாராளமாக வரும். பூப்பந்து கண்ணால் பார்த்ததே இல்லை என்கிறார்கள் எங்கள் பையன்கள். ஒரு ஞாயிறு வருவீர்களா?

மன்னை_பூப்பந்து

வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். நெட்டும் பந்தும் என்னிடம் இருக்கிறது, பழைய டீமில் இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன். இரண்டு கம்பம் மட்டும் நட்டு வையுங்கள். தரைக்கு மேல் 6 அடி நிற்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து வைத்தால் புழுதி அடங்கும். ஆறரைக்கு முன்னால் சத்தம் போட மாட்டோம்.